முதல் வெள்ளியின் நாடித்துடிப்பு

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
2 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

லீனாவுக்கு,

போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். நடுவில் படுத்திருக்கிற உன் புருஷன் டென்சிலுக்கு நெஞ்சு படபடக்கிறது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்கக்கா, அப்பத்தான் பின்னாடி யாரும் மாத்திப் பேச முடியாது" என்று போன மாதம் என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள் நீதான். சரி, எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

நேற்று டென்சிலுக்கு மறுபடியும் வந்தது. மதியத்துக்கு முன்னால். முகம் செக்கச் சிவந்து, வேர்வை தலையணை வரைக்கும் நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வில் மாதிரி முதுகை வளைத்தான். விரலில் மாட்டுகிற மிஷினில் நாடி நூற்று நாற்பத்தெட்டு. ஆயா லட்சுமம்மா கையைப் பிடித்துக்கொண்டு "ஹெதர்பேடி அம்மா, ஹெதர்பேடி" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். மே மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன அட்டைப்படி காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று அந்த மாத்திரையைத் தினம் மூன்று வேளை கொடுக்கிறோம். பிறகும் ஏன் நெஞ்சு ஓடுகிறது? சிவாஜிநகர் மருந்துக்கடையில் பட்டையைக் காட்டிக் கேட்டேன். "இது பிபி மாத்திரைங்க, மேடையேறப் பயப்படறவங்களுக்குக்கூடக் குடுப்பாங்க" என்றான். என் தம்பிக்கு நாற்பத்து நான்கு வயதில் பிபியும் கிடையாது, மேடைப் பயமும் கிடையாது. பைக்கில் போய் விழுந்து மூளையில் அடிபட்டவனுக்கு இருதய மாத்திரை எதற்கு? யார் கேட்டு எழுதி வாங்கியது?

கேட்டதற்குப் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

மௌரீன்


கோத்தகிரி
5 ஆகஸ்ட் 2025

மௌரீன் அக்காவுக்கு,

யாரும் கேட்டு வாங்கவில்லை. நரம்பியல் டாக்டர் எழுதியது. நீங்களும் அன்றைக்கு அறையில் இருந்தீர்கள், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்திருக்காது. மறுபடி சொல்கிறேன்.

பயந்தால் நமக்கு நெஞ்சு அடிக்கும், வேர்க்கும். பயம் போனதும் மூளையே அதை அடக்கிவிடும். அவருடைய மூளையில் அடக்குகிற அந்த இடத்தில் அடி. வண்டியில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டு பிரேக் பிடிக்காத மாதிரி. சின்னச் சத்தம், வயிற்றில் ஒரு இழுப்பு, எது நடந்தாலும் உடம்பு ஓட ஆரம்பித்துவிடுகிறது, நிற்கத் தெரியவில்லை. டாக்டர் அதைப் புயல் என்றுதான் சொல்கிறார். இந்த மாத்திரை பீட்டா பிளாக்கர். அது வெளியிலிருந்து போடுகிற பிரேக். அது இல்லாமல் விட்டால் இருதயம் களைத்துப்போகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, காய்ச்சல் ஏறும். ஐ.சி.யூவில் பார்த்தோமே.

இப்போது நான் கேட்கிறேன். மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் வருகிறேன். ஜூனில் வந்தேன், ஜூலையில் வந்தேன். இரண்டு நாளும் அவர் நாடி எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. நான் இல்லாதபோது மட்டும் நூற்று நாற்பத்தெட்டு ஏன்? மாத்திரையை நிஜமாகவே கொடுக்கிறீர்களா? கோபப்பட வேண்டாம். போன தடவை பட்டையை எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் பட்டையிலிருந்து எடுத்த மாத்திரை வாய்க்குத்தான் போகிறது என்று பட்டை சொல்லாது. "இங்கிலீஷ் மருந்து ரத்தத்தைக் கெடுக்கும்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

9ஆம் தேதி வருகிறேன். உங்கள் கடிதத்தையே டாக்டரிடம் காட்டப்போகிறேன்.

லீனா


ரிச்சர்ட்ஸ் டவுன்
19 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

லீனாவுக்கு,

வந்தாய், டாக்டரைப் பார்த்தாய், மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டு வந்தாய், அட்டையை மாற்றி ஒட்டினாய், போய்விட்டாய். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்கிறாயா? நீ கேட்க மாட்டாய்.

பத்து நாளாக நாடி ஐம்பத்திரண்டு, ஐம்பது. நேற்று நாற்பத்தெட்டு. கை ஐஸ்கட்டி. எந்நேரமும் தூக்கம். முன்னெல்லாம் நான் ஜன்னலைத் திறந்தால் கண் அந்தப் பக்கம் போகும், இப்போது அதுவும் இல்லை. கஞ்சியை ஊட்டினால் வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறான். மாத்திரையை நான் சிங்க்கில் கொட்டுகிறேன் என்று மறைமுகமாக எழுதினாயே, கொட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? நான் கூடப் பிறந்தவள், லீனா. கட்டிக்கொண்டு வந்தவள் இல்லை.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். டென்சில் விழித்துப் பேசிவிடுவானோ என்று உனக்குப் பயமா? டிசம்பரில் அவன் அந்த ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு ஏன் கிளம்பினான்? நீலசந்திராவில் நீங்கள் குடியிருந்த வீட்டின் கீழ் போர்ஷனில் இருந்த வனஜா என்னிடம் சொல்லியிருக்கிறாள், உங்கள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாக. இத்தனை மாதமும் நான் அதை வாய் திறந்து கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் நான் எல்லாவற்றையும் எழுதவில்லை. நீ சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், எங்கள் கத்தோலிக்க வழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். நீ புயல் என்கிறாயே, அது வருகிற நாள் எது தெரியுமா? மாதத்தின் முதல் வெள்ளி. ஜூன் ஆறு, ஜூலை நான்கு, ஆகஸ்ட் ஒன்று. ஃபாதர் டிரேவர் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருகிற நாள். ஆண்டவர் வாசலுக்கு வரும்போதே டென்சிலுக்கு முகம் சிவக்கிறது. நாக்கில் வைக்கும்போது இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிகிறது. மாதம் முழுக்க மரக்கட்டையாகக் கிடக்கிறவனுக்கு அன்றைக்கு மட்டும் நெஞ்சு துள்ளுகிறது. அது நோய் இல்லை, அவன் உள்ளே இருக்கிறான் என்பதற்கு அடையாளம். பக்கத்து வீட்டுக் கேரலும் அவள் அம்மாவும் இப்போது முதல் வெள்ளி தவறாமல் வந்து மண்டியிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு சாயங்காலம் வரைக்கும் குழந்தை மாதிரி தூங்குவான்.

அந்த ஒரே ஒரு அடையாளத்தையும் உன் மாத்திரை அமுக்கப் பார்க்கிறது. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த மாத்திரை இந்த வீட்டில் கிடையாது. சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு அவனை வீல்சேரில் கூட்டிப்போகப் போகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு வரட்டும்.

மௌரீன்


கோத்தகிரி
22 ஆகஸ்ட் 2025

மௌரீன் அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் வகுப்பை விட்டு வெளியே வந்து டாக்டருக்குப் போன் செய்தேன். நாற்பத்தெட்டு ரொம்பக் குறைவு என்றார். நாளையிலிருந்து பழைய அளவுக்கே வாருங்கள், லட்சுமம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். நாடி ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதை நீங்கள் பத்து நாளைக்கு முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கு இல்லாவிட்டாலும் அவருக்காக.

ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து பாய்ந்து வரும், இருதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் நிறுத்தினால் 13ஆம் தேதி நான் ஆம்புலன்ஸோடு வருவேன். அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நான் அவர் மனைவி, என்னைத் தடுக்க உங்களால் முடியாது.

டிசம்பர் கேட்டீர்கள். ஆமாம், சண்டைதான். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை வந்த கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. "நான் பெங்களூர விட்டு எங்கயும் வரமாட்டேன், நீ வேணா போ" என்றார். "அப்ப உங்க அக்கா வீட்டுலயே போய் இருங்க" என்றேன். ஹெல்மெட்டை எடுக்காமலே போனார். உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, போலீஸிடம்கூட. இப்போது உங்களிடம் எழுத்தில் இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அந்த வேலையில்தான் இன்றைக்கு அவருடைய மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இல்லாவிட்டால் நான் இங்கே ஒரு நாள் இருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

இன்னும் ஒன்று என் தலையைக் குடைகிறது. மூன்று புயலும் முதல் வெள்ளியில் என்கிறீர்கள். நான் வேதியியல் வாத்தியார். மூன்று தடவை ஒரே நாளில் ஒன்று நடந்தால், அன்றைக்கு மட்டும் எது வித்தியாசம் என்றுதான் கேட்பேன். அன்றைக்கு அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மந்திரித்த எண்ணெய்யா, தீர்த்தமா, யாராவது கொடுத்த வேரா? மறைக்காதீர்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விடிந்ததிலிருந்து மதியம் வரை நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். அது வரும்வரை நான் எதையும் நம்பப்போவதில்லை.

லீனா


ரிச்சர்ட்ஸ் டவுன்
26 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

லீனாவுக்கு,

அவன் இங்கேதான் வந்துகொண்டிருந்தான் என்று எட்டு மாதம் கழித்துச் சொல்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

வேரா? நாங்கள் என்ன குறி சொல்கிற குடும்பமா? நீ போலீஸ்காரி மாதிரி கேட்டிருக்கிறாய், நானும் ஸ்டேட்மெண்ட் மாதிரியே எழுதுகிறேன். படித்துவிட்டு வெட்கப்படு.

ஐந்தரைக்கு லட்சுமம்மா வந்தாள். இரண்டு பேருமாக அவனைப் புரட்டி உடம்பு துடைத்தோம். வெள்ளைச் சட்டை மாட்டினேன். மேஜையில் துணி விரித்து, சிலுவையும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்தேன். ஆறரைக்கு நானும் கேரலும் ஜெபமாலை. ஃபாதருக்கு எங்கள் வீட்டோடு சேர்த்துப் பதினான்கு நோயாளிகள், நாங்கள் கடைசி, அதனால் எப்போதும் பதினொன்று ஆகிவிடும். அதுவரைக்கும் அவன் வாயில் ஒன்றும் படவில்லை. எண்ணெய்யும் இல்லை, தீர்த்தமும் இல்லை, தண்ணீர்கூட இல்லை. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவன் நடுராத்திரியிலிருந்து வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். பல் விளக்கும்போது தண்ணீர் தொண்டையில் இறங்கிவிட்டது என்று சின்ன வயதில் டென்சில் நன்மை வாங்காமல் அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறான். அவனுக்குப் பேச முடிந்தால் அவனே இதைத்தான் கேட்பான்.

பத்து மணியிலிருந்தே அவனுக்கு முகம் மாற ஆரம்பித்தது, எதிர்பார்க்கிறான் என்று கேரலிடம் சொன்னேன். பதினொன்று ஐந்துக்கு ஃபாதர் வந்தார். சின்னத் துண்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு. அப்போதுதான் கண்ணீர், வேர்வை, நூற்று நாற்பத்தெட்டு. ஃபாதர் போன பிறகு பதினொன்றே முக்காலுக்குக் கஞ்சியும் உன் மாத்திரையும் கொடுத்தேன். பிறகு இரண்டு மணி மாத்திரையை இரண்டு மணிக்கே கொடுத்தேன், நிமிஷம் பிசகவில்லை. சாயங்காலம் ஆறு வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினான்.

இதில் எது குற்றம்? சொல்.

மௌரீன்


கோத்தகிரி
30 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் ஆறு மணி மாத்திரை பதினொன்றே முக்காலுக்குப் போகிறது. இரவு பத்து மணிக்குக் கொடுத்தது விடிவதற்குள் தீர்ந்துவிடும். அடுத்தது போவது பதின்மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து, விடிந்ததிலிருந்து அவர் பிரேக் இல்லாமல் கிடக்கிறார். போதாததற்கு வெறும் வயிறு, ஜெபச் சத்தம், சுற்றி ஆள். பத்து மணிக்கு முகம் மாறியது எதிர்பார்ப்பு இல்லை அக்கா. மாத்திரையின் பிடி விட்டுப்போனது. கண்ணீரும் வேர்வை மாதிரிதான், உடம்பு பிழிந்து தள்ளுகிறது. சாயங்காலத் தூக்கமும், இரண்டே கால் மணி நேரத்துக்குள் இரண்டு மாத்திரை போனதால். டாக்டரிடம் படித்துக் காட்டினேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லை என்றார். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை ஏற்றியதே தப்பு, அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது என்றார்.

என் வீட்டில், நாங்கள் இராப்போஜனம் என்கிற நற்கருணைக்குக் காபி குடித்துவிட்டுத்தான் போவோம். இப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அட்டையில் எழுதியிருப்பேன். நீங்கள் சிங்க்கில் கொட்டுகிறீர்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் ஐ.சி.யூவில் இது முதல் தடவை வந்தபோது நான் தனியாக நின்றிருந்தேன். கண்ணைத் திறந்தார், முகம் சிவந்தது, கையை முறுக்கினார். எழுந்துவிட்டார் என்று நினைத்து வராந்தாவில் ஓடி எல்லாரையும் கூப்பிட்டேன், ஊருக்கெல்லாம் மெசேஜ் போட்டேன். நர்ஸ் வந்து என்னை நகர்த்திவிட்டு ஊசி போட்டாள். அந்த மெசேஜை ஒவ்வொருவருக்கும் திருப்பிச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

வருகிற வெள்ளி, செப்டம்பர் ஐந்து. காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஃபாதரிடமே கேளுங்கள்.

லீனா


ரிச்சர்ட்ஸ் டவுன்
6 செப்டம்பர் 2025

லீனா,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. வேதத்தை வைத்து எங்களோடு வாதம் செய்ய முடியாதவர்கள் மாத்திரையை வைத்து வாதம் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவனிடம் எனக்கு இருந்த ஒன்றையும் பிடுங்க வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று கேரலிடம் சொன்னேன். ஒன்றாம் தேதி மாத்திரையை நிறுத்துவதாக இருந்தேன், அந்த இருதயம் நிற்கிற வார்த்தைக்குப் பயந்து கொடுத்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் டிரேவரை நிறுத்திக் கேட்டேன். "மௌரீன் டீச்சர், தண்ணியும் மருந்தும் எந்தக் காலத்துலயோ அனுமதிச்சாச்சு. நடுராத்திரிக் கணக்கெல்லாம் நீங்க பிறக்கறதுக்கு முந்தியே போயிடுச்சு. படுத்துக் கிடக்கறவங்களுக்கு உபவாசமே கிடையாது. இதை ஏன் என்கிட்ட முதல்லயே கேக்கல?" என்றார். டீச்சர் இல்லை, கிளார்க் என்று நான் திருத்தவில்லை. எதைக் கேட்பது? கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் அம்மா சொன்னாள், நாங்கள் செய்தோம்.

நேற்று ஆறு மணிக்குக் கொடுத்தேன். ஊட்டும்போது கொஞ்சம் தாடையில் வழிந்துவிட்டது, மறுபடி கரைத்துக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன், வேண்டாம், பெரும்பாலும் இறங்கியிருக்கும் என்றார். பத்து மணிக்கு எண்பத்து நான்கு. பதினொன்று பத்துக்கு ஃபாதர் வந்தார். நாக்கில் வைத்தார். விழுங்கினான். எண்பத்தாறு. அவ்வளவுதான். சிவப்பு இல்லை, வேர்வை இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கேரல் மண்டியிட்டபடியே, "என்னாச்சு ஆண்ட்டி, இன்னிக்கு அங்கிள் அழவே இல்ல?" என்று கேட்டாள். அவள் அம்மா அவளைக் கிள்ளினாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நான் எதற்கு அழுதேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் சொல்ல முடியாது. அடையாளம் போய்விட்டது என்று இல்லை. ஜூனில் அவன் அப்படித் துடித்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்டியிட்டு நன்றி சொன்னேன். ஜூலையிலும் சொன்னேன். ஆகஸ்டில் அது வரத் தாமதமானபோது, ஆண்டவரே இன்றைக்கும் தாரும் என்று கெஞ்சிக் கேட்டேன். என் தம்பி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான், நான் பக்கத்தில் நின்று இன்னும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் இது பாவமே இல்லை, தெரியாமல் செய்தது என்றார். அவர் மன்னித்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவனுக்குக் கேட்டாலும் புரியாது. ஆகையால் உன்னிடம் கேட்கிறேன்.

13ஆம் தேதி ஆம்புலன்ஸ் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். கொண்டுவா. நான் வாசலை மறித்து நிற்க மாட்டேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

மௌரீன்


கோத்தகிரி
9 செப்டம்பர் 2025

மௌரீன் அக்கா,

ஆம்புலன்ஸ் சொல்லவில்லை. தசரா விடுமுறையோடு சேர்த்து ஆறு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். 13ஆம் தேதி காலை பெட்டியோடு வருகிறேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போட்டால் போதும்.

வந்ததும் ஒரு நோட்டு போடுவோம். நீங்கள் மாத்திரை கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், நான் கொடுக்கும்போது நீங்கள் நின்று பாருங்கள். மணியை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். என் மேல் உங்களுக்கு இருக்கிற சந்தேகத்தை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கும் உங்கள் மேல் முழுசாகப் போய்விடவில்லை. இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு அது அவருக்கு நல்லதுதான்.

மன்னிப்புக் கேட்டீர்கள். ஹெல்மெட் இல்லாமல் அனுப்பியவளிடம் கேட்கிறீர்கள். யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பதில் எழுதாமல் விடுகிறேன்.

உங்களை நம்பி நான் வரவில்லை அக்கா. பத்து மணிக்கு அவர் முகம் மாறியது என்று மணியோடு எழுத இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. அதனால் வருகிறேன்.

லீனா